ஆயர் கடைசியில் வந்தார்: சீர்திருத்தத்துக்குப் பிறகு வட நெதர்லாந்தில் கத்தோலிக்க வாழ்வு மீண்ட விதம்

ஒரு பங்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்த் திருச்சபை, எப்படி உருவாகிறது என்று எந்த மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் சொல்வார்கள். ஆயர் ஆணையிடுவார், எல்லை வகுக்கப்படும், பங்குத்தந்தை வருவார், கோயில் எழும், ஞானஸ்நானப் பதிவேடு திறக்கப்படும். 1580க்குப் பிறகு, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தின் ஆட்சிக்குள் போன வட நெதர்லாந்தில் இந்த வரிசை தலைகீழாகிப் போனது. முதலில் இருந்தவை சில வீடுகளும், அங்கே கூடிய குடும்பங்களும், அவர்கள் கொடுத்த பணமும்தான். குருக்கள் மெதுவாக வந்து சேர்ந்தார்கள். தனக்கென்று ஒரு மறைமாவட்டம் உள்ள ஆயர் 1853இல்தான் வந்தார். இடையில் ஏறக்குறைய 270 ஆண்டுகள் ஓடிவிட்டன.

திருச்சபையைக் காப்பாற்றியது இந்தத் தலைகீழ் வரிசை. பின்னால் வந்த பெரிய சண்டைகளுக்கும் அதுவே வேர். அவசரத்துக்கென்று செய்துகொண்ட ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் நாளடைவில் ஓர் உரிமைக்காரர் உண்டானார். ஆயர் இல்லாத காலத்தில் பொறுப்பேற்றவர்கள், ஆயர் வந்ததும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடவில்லை. இந்த வரலாற்றை வெறும் துன்புறுத்தலின் கதையாகவோ வெற்றியின் கதையாகவோ படித்தால் இந்தச் சிக்கல் கண்ணில் படாமல் போகும்.

எதெல்லாம் போயிற்று

வடக்கின் பெரும்பகுதிக்கு நெடுங்காலம் உட்ரெக்ட் ஒன்றே ஆயர் நகரம். 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் அதைப் பேராயர் நகரமாக உயர்த்தி, அதன் கீழ் ஹார்லெம், டெவெண்டர், குரோனிங்கன், லேவார்டன், மிடில்பர்க் என ஐந்து புதிய மறைமாவட்டங்களை அமைத்தார். அவை வேர்பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. 1566இல் சுரூப உடைப்பு: கோயில்களின் சிலைகளையும் படங்களையும் புராட்டஸ்டன்டுகள் உடைத்தார்கள். 1572இல் ஸ்பெயினுக்கு எதிரான கலகப்படை கடலோர நகரங்களைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலை 9இல் கோர்க்கம் ஊரில் சிறைபிடிக்கப்பட்ட 19 குருக்களும் துறவிகளும் தூக்கிலிடப்பட்டார்கள். 1578 மே 26இல் ஆம்ஸ்டர்டாமின் கத்தோலிக்க நகராட்சியைப் படகில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். 1580 ஜூனில் உட்ரெக்ட் நகரம் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தது. ஆகஸ்டில் முதல் பேராயர் பிரெடெரிக் ஸ்கெங்க் இறந்தார். அவர் இடத்தில் இன்னொருவர் அமரவில்லை.

கோயில்கள் பறிபோனது எல்லோருக்கும் தெரிந்த இழப்பு. அதைவிட ஆழமானது வருமான இழப்பு. பீடங்களுக்கும் மடங்களுக்கும் எழுதிவைத்த நிலங்களும் வாடகைகளும் நகராட்சிகளின் கைக்கும் மாகாணங்களின் கைக்கும் போயின. கால்வினியச் சீர்திருத்த சபைப் போதகர்களின் சம்பளம், அனாதை இல்லங்கள், பள்ளிகள் எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தன. அதனால் நாளைக்கே தடை நீங்கினாலும் பழைய பங்கைத் திறக்க முடியாத நிலை. குருவுக்குச் சோறுபோடும் ஏற்பாடே இல்லாமல் போய்விட்டது.

ஆனாலும் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. 1579இன் உட்ரெக்ட் ஒன்றிய உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, சமயத்துக்காக யாரையும் விசாரிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்றது. நம்பிக்கைக்குத் தடையில்லை, கூடி வழிபடத் தடை. சீர்திருத்த சபையே பொதுச் சபை. அரசுப் பதவிகள் அதன் ஆட்களுக்கே. ஆனால் அந்தச் சபையில் சேரும்படி யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை, முதல் பத்தாண்டுகளில் முறைப்படி சேர்ந்தவர்கள் ஹாலந்து மாகாணத்தில் சிறுபான்மைதான். எந்தப் பக்கமும் சாயாத ஒரு பெரிய கூட்டம் நடுவில் நின்றது. அந்தக் கூட்டத்திடம் யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்பதே அடுத்த ஐம்பது ஆண்டுகளைத் தீர்மானித்தது.

குரு வந்த ஊர், வராத ஊர்

டெல்ஃப்ட் நகரில் பிறந்த சாஸ்பவுட் வோஸ்மேர், சிதறிக் கிடந்த குருக்களைத் திரட்டும் வேலையை 1583 முதல் செய்தார். 1592இல் அவர் அப்போஸ்தலிக்க விகார் ஆனார், அதாவது ஆயர் இல்லாத பகுதியைத் திருத்தந்தையின் பெயரால் நடத்துகிறவர். 1602இல் ரோமையில் அவரைப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். கொடுத்த பட்டமோ உட்ரெக்ட்டுடையது அல்ல, எங்கோ கிரேக்கத்தில் இருந்த பழைய பிலிப்பி நகருடையது. இந்தச் சிறிய ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 120 ஆண்டுகள் கழித்து ஒரு பிளவே இதன்மேல் நின்றது. பட்டம் எதுவானாலும், ஸ்பெயினிடமிருந்து பிரிந்த வட மாகாணங்களின் குடியரசு அவரை நாடுகடத்தியது. அவர் கொலோன் நகரிலிருந்து நிர்வாகம் செய்து 1614இல் அங்கேயே இறந்தார்.

வோஸ்மேர் செய்த மிகப் பயனுள்ள காரியம் கொலோனில் குருமடம் தொடங்கியதுதான். உள்நாட்டில் குருமடம் நடத்த முடியாது. வெளிநாட்டிலிருந்து குருக்களை இரவல் வாங்கினால் மொழியும் ஊரும் தெரியாதவர்கள் வருவார்கள். உள்ளூர்ப் பையன்களை எல்லைக்கு வெளியே அனுப்பிப் படிக்கவைத்துத் திரும்ப அழைப்பதே வழி. ஹார்லெமின் பழைய குருக்கள் குழு கலையாமல் தப்பியிருந்தது. அதுவும் தன் பங்குக்கு லூவன் நகரில் ஒரு குருமடத்தை நடத்தியது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் குருக்களின் எண்ணிக்கை சில நூறாக உயர்ந்திருந்தது என்றால், இந்த இரண்டு குருமடங்களுக்கும் துறவற சபைகளுக்கும்தான் அந்தப் பெருமை.

எல்லா ஊருக்கும் குரு ஒரே அளவில் கிடைக்கவில்லை. தங்க இடமும் உணவும் பாதுகாப்பும் யார் தருகிறார்களோ அங்கேதான் குரு தங்க முடியும். பிரபுக்களின் மாளிகை உள்ள ஊர், பணக்கார வணிகர்கள் உள்ள நகரம் இவற்றுக்கு முதலிடம். அவற்றைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு அவர் சுற்றுப்பயணமாகப் போவார்: கல்பீடம் ஒன்று, பாத்திரம், பூசை உடை, திருஎண்ணெய்ச் சிமிழ், இவை ஒரு பைக்குள் அடங்க வேண்டும். இரவில் ஒப்புரவு கேட்டு, விடியுமுன் பூசை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர வேண்டும். சுற்றில் சேராத ஊர்களில் ஒரு தலைமுறைக்குள் கத்தோலிக்கம் கரைந்துபோனது. டிரென்த மாகாணம் ஏறக்குறைய முழுவதும் கைவிட்டுப் போனது இப்படித்தான். கிழக்கில் ட்வென்த பகுதியின் நிலை வேறு. ஓல்டன்சால் 1626 வரையிலும், அதற்குத் தெற்கே குரோன்லோ 1627 வரையிலும் ஸ்பானியர் கையில் இருந்ததால், கத்தோலிக்க ஆயர்களின் பொதுப் பேரவையான திரெந்து சங்கத்தின் புதிய மறைக்கல்வியும் பயிற்சிபெற்ற குருக்களும் அங்கே வேரூன்ற நேரம் கிடைத்தது. அந்தப் பகுதிகள் பின்னால் புராட்டஸ்டன்ட் ஆட்சிக்குள் வந்தபோதும் மாறவில்லை. இன்றும் நெதர்லாந்தின் சமய வரைபடத்தில் ஊருக்கு ஊர் திட்டுத்திட்டாகத் தெரியும் வேறுபாட்டுக்குப் பெரும் காரணம், 1580க்கும் 1630க்கும் இடையில் அந்த ஊருக்குக் குரு வந்தாரா என்ற கேள்விதான் என்பது என் கணிப்பு.

வீட்டுக்குள் கோயில்

நகர அதிகாரிகளுக்குத் தெரியாமல் நடந்த ரகசியக் கூட்டம் என்று வீட்டுக் கோயில்களைப் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் அது உண்மைதான். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் எந்த வீட்டில் பூசை நடக்கிறது என்பது தெருவுக்கே தெரியும், அதிகாரிக்கும் தெரியும். தெருவிலிருந்து பார்த்தால் கோயிலாகத் தோன்றக்கூடாது என்பதுதான் நிபந்தனை. மணி கூடாது, கோபுரம் கூடாது, வாசலில் குருசு கூடாது. அதனால் கோயில்கள் வீட்டின் அடையாளப் பெயராலேயே அழைக்கப்பட்டன: ஆம்ஸ்டர்டாமில் ‘கிளி’, ‘புறா’, ‘மோசேயும் ஆரோனும்’. பின்னாளில் பெரிய கோயில்களாக மாறிய பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை.

கட்டுமான முறைக்கு நல்ல சான்று, ஆம்ஸ்டர்டாமில் இன்று ‘மாடியில் நம் ஆண்டவர்’ என்று அழைக்கப்படும் அருங்காட்சியகம். கத்தோலிக்க வணிகர் யான் ஹார்ட்மன் 1661இல் கால்வாய்க் கரையில் ஒரு வீட்டையும் அதன் பின்னால் ஒட்டியிருந்த இரண்டு சிறிய வீடுகளையும் வாங்கினார். 1663க்குள் மூன்றின் மேல்மாடிகளையும் ஒன்றாக்கி நீண்ட கோயிலாக்கிவிட்டார். உள்ளே 150 பேர் வரை அமரலாம். உயரம் கிடைக்க, மேல் இரண்டு தளங்களின் நடுப்பகுதியை வெட்டித் திறந்தார்கள். மிஞ்சிய ஓரங்கள் இரு பக்கமும் இரண்டடுக்கு மாடங்களாயின. நடுவில் தூண் வைத்தால் பீடம் மறையும் என்பதால், மாடங்களைக் கூரை மரங்களிலிருந்து இரும்புக் கம்பிகளால் தொங்கவிட்டார்கள். பிரசங்க மேடை தனியாக இடம் அடைக்காதபடி பீடத்தூணின் அடிப்பகுதிக்குள் மடங்கிப்போகும். பீடத்தின் படத்தைத் திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ப மாற்றலாம். யாக்கோப் டெ விட் 1716இல் வரைந்த ஆண்டவரின் திருமுழுக்கு இன்னும் அங்கே இருக்கிறது. கீழ்த்தளங்களில் குடும்பம் வாழ்ந்தது.

இப்படிப்பட்ட இடத்தின் பலவீனம் அதன் உரிமைப் பத்திரத்தில் இருந்தது. கத்தோலிக்கப் பங்கு என்ற அமைப்பைச் சட்டம் ஏற்காததால் சொத்து ஒரு தனிநபர் பெயரில்தான் இருக்க முடியும். அவர் கடனில் மூழ்கினாலோ, வாரிசுகள் விற்றாலோ கோயிலின் கதி அந்தரத்தில். ஹார்ட்மன் இறந்தபின் அவர் வீடே கைமாறி ஒரு புராட்டஸ்டன்ட் வணிகரிடம் போனது. நல்லவேளையாகப் பூசை நிற்கவில்லை, 1887 வரை அங்கே தொடர்ந்தது. எல்லா ஊரிலும் அப்படி அமைந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதனால் நம்பகமான பல பேர் கூட்டாகச் சொத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. கணக்கும் சாவியும் அவர்களிடம். குருவை வரவேற்பதா வேண்டாமா என்பதிலும் அவர்களின் சொல் எடுபட்டது.

அடுத்த செலவு நகர அதிகாரிக்கு. தடையாணையை அமல்படுத்த வேண்டிய அதே அலுவலருக்கு, அமல்படுத்தாமல் இருக்க ஆண்டுதோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். இந்தக் ‘கண்டுகொள்ளும் பணம்’ அந்தப் பதவியின் வழக்கமான வருமானமாகவே ஆகிவிட்டது. புதுக் குரு வந்தால் தனியாக ஒரு தொகை. அலுவலர் மாறினால், அல்லது சீர்திருத்தப் போதகர்கள் கூடி முறையிட்டால், தொகை உயரும் அல்லது ஒரு சோதனை நடக்கும். 1730இல் ஹாலந்து மாகாணம் குருக்களுக்கு அனுமதி முறையைக் கொண்டுவந்து, துறவற சபையினருக்கு இடமில்லை என்று அறிவித்தது. அவமானகரமான நிலைதான். ஆனால் எழுத்தில் வந்த அனுமதி, வாய்மொழிச் சலுகையைவிட உறுதியானதும் கூட.

ஆம்ஸ்டர்டாமின் பெகைன்ஹோஃப் இதே தர்க்கத்தின் இன்னொரு முகம். அங்கே வாழ்ந்த பக்திப் பெண்களின் கோயில் 1578இல் பறிக்கப்பட்டு, 1607இல் ஆங்கிலேயச் சீர்திருத்த சபைக்குத் தரப்பட்டது. குடியிருந்த வீடுகளோ அந்தப் பெண்களின் தனிச் சொத்து, அவற்றைத் தொட முடியவில்லை. பறிபோன கோயிலுக்கு எதிரிலேயே இரண்டு வீடுகளை இணைத்து 1671இல் புதிய கோயில் அமைத்தார்கள், வெளியிலிருந்து பார்த்தால் வீடு.

பெண்கள் தாங்கிய பங்கு

சொத்துரிமையைப் பற்றிப் பேசும்போதே பெண்கள் வந்துவிட்டார்கள். அது தற்செயல் கிடையாது. ‘க்ளோப்யெ’ என்று ஊரார் அழைத்த மணமாகாத பெண்கள் இல்லாவிட்டால் இந்த மீட்பு நடந்திருக்காது. அவர்கள் கன்னியர் மடத்தவர் அல்ல. மடங்கள் கலைக்கப்பட்டுவிட்டன, போதாததற்கு 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர், துறவறப் பெண்கள் மதிலுக்குள் அடைந்து வாழ வேண்டும் என்று கண்டிப்பாக ஆணையிட்டிருந்தார். மதிலுக்குள் இருந்தால் ஹாலந்தில் எந்த வேலையும் செய்ய முடியாது. ஆகவே இவர்கள் தனிப்பட்ட வார்த்தைப்பாடு மட்டும் எடுத்துக்கொண்டு, பெற்றோர் வீட்டிலோ சிறு குழுக்களாகவோ வாழ்ந்தார்கள். ஹார்லெமில் ‘மூலை’ எனப்பட்ட குடியிருப்பு மிகப் பெரியது. அங்கே வாழ்ந்த திரைன் யான்ஸ் ஓலி தன் சகோதரிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை விரிவாக எழுதிவைத்ததால், இந்தப் பெண்களின் அன்றாடம் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

அவர்களின் வேலைப் பட்டியல் நீளமானது. குரு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஊரில் மறைக்கல்வி நடத்தியது அவர்கள். பூசைத் துணிகளைத் தைத்து, துவைத்து, ஒளித்துவைத்தது அவர்கள். ஹார்லெமின் பொன்னிழைப் பூவேலை செய்த பூசை உடைகள் அவர்கள் கைவண்ணம். பாடகர் குழு, நோயாளிச் சந்திப்பு, குருவுக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் செய்தி சொல்வது, ஏழைகளுக்கான நிதி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பலர் வசதியான குடும்பத்தவர். கணவன் இல்லாததால் பங்கு வந்த பணத்தைத் தாங்களே செலவிட முடிந்தது. ஆண்களுக்கு நகரப் பதவிகள் மறுக்கப்படுவதை ஒரு தண்டனையாக அரசு பயன்படுத்தியது. பதவியே இல்லாத பெண்களிடம் அந்த ஆயுதம் பலிக்கவில்லை. குழந்தைகளுக்குக் கற்பிக்கக் கூடாது, கூடி வாழக் கூடாது என்று அவர்களுக்கெதிராகத் தனி ஆணைகள் வந்ததே அவர்களின் செல்வாக்குக்குச் சாட்சி.

சில குருக்களுக்கு இது தர்மசங்கடமாக இருந்தது. இவ்வளவு சுதந்திரமாக நடமாடும் பெண்களைத் திருச்சபைச் சட்டத்தில் எந்தப் பெட்டியில் வைப்பது? பதில் கிடைக்கவில்லை, வேலை நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் முறையான சகோதரிகள் சபைகள் வந்தபோது இவர்களின் இடம் மெல்ல மறைந்தது. அவர்களுக்குரிய நன்றி இன்னும் முழுதாகச் சொல்லப்படவில்லை.

திருமணம், அடக்கம், உறுதிப்பூசுதல்

வழிபாட்டிடம் ஒன்று இருந்துவிட்டால் பூசை நடந்துவிடும். மற்ற அருட்சாதனங்கள் சட்டத்தோடு மோதின. ஹாலந்தில் 1580 முதல் திருமணம் சீர்திருத்தப் போதகர் முன்னாலோ நகர நீதிமன்றத்தார் முன்னாலோதான் செல்லும். கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தார் முன் பதிந்துவிட்டு, பிறகு வீட்டில் குருவின் முன் மந்திரித்துக்கொள்வார்கள். இரண்டாவது படியைத் தவறவிட்டவர்கள் உண்டு, கலப்புத் திருமணங்களும் பெருகின. பங்குக்குரு முன் இரண்டு சாட்சிகளோடு நடக்காத திருமணம் செல்லாது என்று திரெந்து சங்கம் 1563இல் விதித்திருந்தது. அப்படியானால் பங்கே இல்லாத நாட்டில் எத்தனை குடும்பங்கள் செல்லாத குடும்பங்கள்? ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் குருக்களை அரித்த இந்தக் கேள்விக்கு 1741இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் விடை சொன்னார்: இந்த நாட்டில் புராட்டஸ்டன்டுகள் தங்களுக்குள் செய்யும் திருமணமும், கத்தோலிக்கரோடு செய்யும் கலப்புத் திருமணமும் அந்த முறை இல்லாமலே செல்லும். பின்னாளில் இதே தீர்வு வேறு பல நாடுகளுக்கும் நீட்டப்பட்டது.

அடக்கத்துக்கு இடம் பழைய கோயில்களுக்குள்ளும் அவற்றின் வளாகத்திலும்தான். அவை சீர்திருத்த சபையிடம் இருந்தன. அதனால் சடங்கு வீட்டிலேயே முடியும். குரு மந்திரித்த மண்ணில் ஒரு பிடியைப் பெட்டிக்குள் போட்டு மூடுவார்கள். மந்திரிக்காத நிலத்தில் புதைத்தாலும் மந்திரித்த மண் உடலோடு போகிறதே என்பது அவர்களுக்கு ஆறுதல்.

உறுதிப்பூசுதலுக்கு ஆயர் வேண்டும். அப்போஸ்தலிக்க விகார் ஒளிந்து வந்துபோகும் ஊர்களில் மட்டும் அது நடந்தது. வேறு ஒரு சிக்கல் பதிவேடுகளில். பல இடங்களில் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தொடங்குகின்றன. எல்லை இல்லாத ‘நிலையங்கள்’ என்பதால் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் வெவ்வேறு நிலையங்களின் பதிவேடுகளில் இருக்கலாம். தங்களுக்குப் பிடித்த குருவிடம் போவது மக்களின் வழக்கமாகிவிட்டது.

இதே குடியரசின் வணிகக் கம்பெனி 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது, தாய்நாட்டில் விட்டுக்கொடுத்த அந்தச் சட்ட இடைவெளியைக்கூட அங்கே விட்டுவைக்கவில்லை. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தந்தால் மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. பங்குக் கோயில்கள் சீர்திருத்த சபையின் கோயிலும் பள்ளியுமாயின. 1687இல் மாறுவேடத்தில் வந்து இறங்கிய கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகளார் சில்லாலையை மையமாக வைத்து வேலையைத் தொடங்கினார். உபதேசியார்கள், வீட்டுப் பூசை, இரவுப் பயணம் எனக் கையாண்ட வழிகள் ஹாலந்தின் வழிகளைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. தாய்நாட்டில் பணம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிய ஆட்சி, தமிழ் மண்ணில் ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது? அங்கே கத்தோலிக்கம் என்றால் போர்த்துக்கீசர் என்று பொருள். சமய அச்சத்தைவிடப் படையெடுப்பு அச்சம் பெரிது.

யாருடைய திருச்சபை

வடக்கில் உள்ளுக்குள் ஒரு கேள்வி தொடக்கம் முதலே புகைந்தது. 1592இல் இயேசு சபையினர் வந்தார்கள். பிரான்சிஸ்கன், தொமினிக்கன், அகுஸ்தினார் சபையினரும் வேலை செய்தார்கள். அவர்கள் பார்வையில் இது மறைப்பணி நாடு, தங்களுக்கு அதிகாரம் ரோமையிலிருந்து நேராக வருகிறது. வோஸ்மேரும் அவருக்குப் பின் வந்த ரோவேனியஸும் இதை ஏற்கவில்லை. உட்ரெக்ட் திருச்சபை சாகவில்லை, அதன் ஆயர் வரிசை அறுபடவில்லை, பட்டம் பிலிப்பி என்றாலும் நாங்கள் உட்ரெக்ட்டின் வாரிசுகளே என்பது அவர்கள் வாதம். 1633இல் ரோவேனியஸ் உட்ரெக்ட் பேராலயக் குழுவுக்குப் பதிலாக ஒரு குருக்கள் குழுவையும் அமைத்தார். கோட்பாட்டுச் சண்டை போல் தெரிந்தாலும் அடியில் இருந்தது அன்றாடப் பிரச்சினை: ஒரு நகரில் இரண்டு குருக்கள், ஒரு பணக்காரக் குடும்பம், யார் அங்கே பூசை செய்வது?

1672இல் ஒருமுறை எல்லாம் திரும்பிவிடும் போலிருந்தது. பிரெஞ்சுப் படை உட்ரெக்ட்டைப் பிடித்ததும் அப்போதைய அப்போஸ்தலிக்க விகார் யோஹனஸ் வான் நேர்காசல் பேராலயத்தில் மறுபடி பூசையைத் தொடங்கினார். 1673 நவம்பரில் படை கிளம்பியது, பேராலயமும் கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அடித்த புயலில் அதன் நடுக்கூடம் சரிந்து விழுந்தது. வெளிநாட்டுப் படையின் துணையோடு கிடைத்த கோயில் எத்தனை நாள் நிற்கும் என்பதை அந்த 17 மாதங்கள் காட்டின.

நேர்காசலும் அடுத்து வந்த பேட்ரஸ் கோடேயும் ஒப்புரவில் கடுமையைக் கோரியவர்கள். பிரான்சிலிருந்து ஓடிவந்த யான்செனியர்களோடு, அதாவது இறையருளையும் ஒழுக்கக் கடுமையையும் வலியுறுத்தி ரோமையின் கண்டனத்துக்கு ஆளான கத்தோலிக்கர்களோடு, நட்பு உண்டு. இயேசு சபையினர் அதைச் சுட்டி ரோமைக்கு எழுதினார்கள். 1702இல் கோடே இடைநீக்கம் செய்யப்பட்டு, 1704இல் நீக்கப்பட்டார். ரோமை அவருக்குப் பதிலாக அனுப்பியவரை மாகாண அரசு ஏற்கவில்லை. கத்தோலிக்க உட்பூசலில் புராட்டஸ்டன்ட் அரசு தலையிட நல்ல வாய்ப்பு. 1723இல் உட்ரெக்ட் குருக்கள் குழு தானாகவே கொர்நேலியஸ் ஸ்டேனோவனைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. 1724இல் பாபிலோன் ஆயர் டொமினிக் வார்லே ரோமையின் அனுமதியின்றி அவரை அபிஷேகம் செய்தார். பெரும்பான்மை மக்களும் குருக்களும் ரோமையோடு நின்றார்கள். ஆனால் அவர்களுக்கு அப்போஸ்தலிக்க விகார்கூட இனி இல்லை. புருசெல்ஸில் இருந்த திருத்தந்தையின் தூதர் தூரத்திலிருந்து மேற்பார்த்தார். உள்ளூரில் தலைமைக் குருக்கள் வழிநடத்தினார்கள். குருப்பட்டத்துக்கு எல்லை தாண்ட வேண்டும். இந்த நிலை 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது.

ஆயர்களுக்கு மீண்டும் இடம்

1795இல் பிரெஞ்சுப் படையோடு பழைய குடியரசு விழுந்தது. 1796 ஆகஸ்ட் 5இல் தேசிய சபை அரசையும் சபையையும் பிரித்தது. 1798 அரசியலமைப்பின் கூடுதல் பிரிவுகள் பழைய கோயில்களை ஊரில் எண்ணிக்கையில் பெரிய சபைக்குத் தரச் சொன்னன. தெற்கே பிரபாந்தில் கத்தோலிக்கர்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றார்கள். வடக்கில் எண்ணிக்கை எதிராக இருந்ததால் பெரும்பாலும் வெறுங்கை. கோபுரங்களை அதே பிரிவு ஊராட்சிக்கு ஒதுக்கியது. இன்றும் பல ஊர்களில் கோயில் ஒரு சபையுடையது, கோபுரம் நகராட்சியுடையது.

எனவே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 1799இல் வார்மண்டில் குருமடம் திறந்தது. எல்லைக்கு வெளியே பையன்களை அனுப்பும் காலம் முடிந்தது. 1824இன் அரசாணைப்படி கோயில் கட்ட அரசு அனுமதி தேவை, மானியமும் கிடைக்கும், நீர்வளத்துறைப் பொறியாளர்கள் மேற்பார்ப்பார்கள். தூண் வரிசை முகப்போடு எழுந்த இந்தக் கோயில்களைப் பின்னால் வந்தவர்கள் குளிர்ந்த கட்டடங்கள் என்று பழித்தார்கள். ஆனால் ஒளிந்திருந்த மக்கள் முதன்முறையாகத் தெருவைப் பார்த்துக் கதவு வைத்தது இவற்றில்தான். அதை மறந்து அழகை மட்டும் எடைபோடுவது நியாயமில்லை.

ஆயர்களைப் பொறுத்தவரை 1827இல் ரோமையோடு கையெழுத்தான உடன்படிக்கை செயலுக்கு வரவில்லை. தாராளவாத அரசியல் தலைவர் டோர்பெக்கே வரைந்த 1848 அரசியலமைப்பு, ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்றதும் தடை நீங்கியது. 1853 மார்ச் 4இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் உட்ரெக்ட்டைப் பேராயர் நகராகவும், ஹார்லெம், டென் போஸ், பிரேடா, ருர்மோண்ட் ஆகியவற்றை மறைமாவட்டங்களாகவும் அறிவித்தார். புராட்டஸ்டன்டுகள் கொதித்தார்கள். கால்வினியத்தைக் கடுமையாகச் சாடிய ஆவணத்தின் மொழியும், சீர்திருத்தத்தின் கோட்டையாகக் கருதப்பட்ட உட்ரெக்ட்டைத் தேர்ந்ததும் நெருப்புக்கு எண்ணெய். ஏப்ரலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மன்னர் மூன்றாம் வில்லெமிடம் மனு போனது, டோர்பெக்கேயின் அமைச்சரவை விழுந்தது. செப்டம்பரில் வந்த சட்டம் சில கட்டுப்பாடுகள் விதித்தது. ஆனாலும் ஆயர்கள் தங்கிவிட்டார்கள். முதல் பேராயர் ஸ்வைசன் தகராறைக் கூட்டாமல் தெற்கே தன் பழைய இடத்திலேயே வசித்தார். பேராயர் உட்ரெக்ட்டில் குடியேறியது 1868இல், அவருக்கு அடுத்தவர் காலத்தில்.

அதன் பிறகு உள்வேலை. எல்லையில்லா நிலையங்களை எல்லையுள்ள பங்குகளாக மாற்றினார்கள். தலைமுறைகளாகத் தேர்ந்த குருவிடம் போன குடும்பங்களுக்கு இனி இன்னார்தான் பங்குத்தந்தை என்பது எளிதாக ஏறவில்லை. கணக்கும் சாவியும் வைத்திருந்த பொதுநிலையினருக்கு ஆயர் வகுத்த விதிகள் வந்தன. துறவற சபைகள் வளர்த்த நகரக் கோயில்கள் யாருக்கு என்ற பேச்சும் எழுந்தது. மறுபக்கம் பள்ளிகள்: ஸ்வைசன் பங்குக்குருவாக இருந்தபோதே 1832இல் டில்பர்க்கில் சகோதரிகள் சபை தொடங்கியிருந்தார். 1868இல் ஆயர்கள் கத்தோலிக்கப் பள்ளியை வலியுறுத்தி மடல் எழுதினார்கள். 1889இல் அரசு மானியம் தொடங்கியது, 1917இல் பொதுப் பள்ளிக்குச் சமமான நிதி கிடைத்தது. பொதுவழியில் பவனி மட்டும் தடையில் நின்றது. 1345இன் நற்கருணைப் புதுமையை நினைவுகூர ஆம்ஸ்டர்டாம் மக்கள் 1881 முதல் பாட்டும் கொடியும் இல்லாமல் இரவில் நடந்தார்கள். தடை அரசியலமைப்பிலிருந்து நீங்கியது 1983இல்.

உட்ரெக்ட்டில் பழைய பேராலயம் புராட்டஸ்டன்டுகளிடமே இருக்கிறது. ரோமைப் பேராயரின் இருக்கை, 1842இல் கத்தோலிக்கர் கைக்கு வந்த புனித கத்தரீனம்மாள் கோயிலில். 1723இன் குருக்கள் குழு தேர்ந்தெடுத்த வரிசையும் அறுபடவில்லை. 1853இல் அவர்கள் புதிய பேராயர் பட்டத்தை எதிர்த்தார்கள், 1889இல் ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் ரோமையிலிருந்து பிரிந்திருந்த ‘பழைய கத்தோலிக்கர்’களோடு உட்ரெக்ட் ஒன்றியம் என்ற பெயரில் இணைந்தார்கள். ஒரே நகரின் பேராயர் என்ற பட்டத்தை இன்றும் இரண்டு பேர் தாங்குகிறார்கள், இருவருமே உட்ரெக்ட்டின் முதல் ஆயர் புனித வில்லிபிரோர்டின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு.